வந்துசேராத ரயர்கள்: ஜெஃப் ஆப்ஸும் மலைச் சைக்கிளின் இன்னொரு வரலாறும்

இப்ப சைக்கிள் கடைக்குப் போய் "மவுண்டன் பைக் ஒண்டு வேணும்" எண்டு கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "எத்தனை சைஸ்? இருபத்தாறா, இருபத்தேழரையா, இருபத்தொன்பதா?" எங்களில் பலர் 26 அங்குலச் சில்லில் ஓடிப் பழகிய ஆக்கள். இருபத்தொன்பது எண்டது பிறகு வந்த புதுச்சாமான் என்றுதான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் இருபத்தொன்பது புதுச்சாமான் இல்லை. இருபத்தேழரையும் புதுச்சாமான் இல்லை. 1980 வாக்கிலேயே இங்கிலாந்தில் ஒருவர் இந்த இரண்டு சைஸிலும் காட்டுப் பாதைக்கு ரயர் போட்டு ஓடிக்கொண்டிருந்தார். அவரின் பெயர் ஜெஃப் ஆப்ஸ். மலைச் சைக்கிளின் வரலாறு என்று தேடினால் முதல் பத்துப் பெயர்களுக்குள் அவர் பெரும்பாலும் வரமாட்டார். ஏன் வரவில்லை என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து போனபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எல்லாருக்கும் தெரிந்த கதை

முதலில் எல்லாரும் சொல்லுகிற கதையைச் சொல்லிவிடுவோம். அது பொய்க்கதை இல்லை, நல்ல கதையும்கூட.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்று ஒரு மாவட்டம். அங்கே டமல்பாய்ஸ் என்ற மலை, 784 மீற்றர் உயரம். 1970களில் அந்தப் பகுதி இளைஞர்கள் சிலர் பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்து மலையிலிருந்து கீழே விடத் தொடங்கினார்கள். அவர்கள் விரும்பித் தேடியது ஷ்வின் கம்பனியின் பழைய வண்டிகளை. ஷ்வின் 1933 இல் அமெரிக்கச் சிறுவர்களுக்கான சைக்கிளில் "பலூன் ரயர்" என்ற தடித்த ரயரைக் கொண்டுவந்தது. அதன் சில்லுத்தான் 26 அங்குலம். பத்திரிகை போடுகிற பெடியள் ஓடித் திரிந்த வண்டி. எழுபதுகளில் அது பழைய இரும்பு விலைக்குக் கிடந்தது. பாரம் கூட, ஆனால் அடி தாங்கும்.

1976 ஒக்ரோபர் 21 அன்று ஃபெயார்பக்ஸ் என்ற ஊருக்கு அருகே இருந்த ஒரு தீயணைப்பு வீதியில் முதலாவது போட்டி நடந்தது. ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் 1300 அடி இறக்கம். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பழைய பிறேக்தான் பல வண்டிகளில். கீழே வந்துசேரும்போது பிறேக்குக்குள் இருந்த கிறீஸ் முழுக்க எரிந்து புகையாய்ப் போயிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கிறீஸை மீண்டும் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ஆங்கிலத்தில் "திரும்ப அடைத்தல்" என்று பொருள்படும் ரீபாக் என்ற பெயர் நிலைத்தது. அந்தப் பாதையின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 செக்கன். அதற்குச் சொந்தக்காரர் கரி ஃபிஷர்.

1977 இல் ஜோ பிறீஸ் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் ஒட்டினார். 1979 இல் ஃபிஷரும் சார்லி கெலியும் சேர்ந்து, ரொம் ரிச்சி செய்த ஃபிரேம்களை வைத்து ஒரு சிறு வியாபாரம் தொடங்கினார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் "மவுண்டன் பைக்ஸ்". 1981 இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனி யப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. அதோடு உலகம் மாறியது. பிறீஸ் செய்த முதல் வண்டி இன்று அமெரிக்கத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கதை இதுதான். மலை, வேகம், நண்பர்கள், பிறகு கம்பனி. சினிமா எடுக்கலாம் போல இருக்கும்.

அவர்களுக்கு முன்னும் ஆக்கள் இருந்தார்கள்

ஆனால் "முதன்முதல்" என்று சொல்லத் தொடங்கினால் சிக்கல் தொடங்கும். 1897 இல் அமெரிக்க இராணுவத்தின் 25 ஆவது காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பினச் சிப்பாய்கள் மொன்டானாவில் இருந்து செயின்ற் லூயிஸ் வரை ஏறத்தாழ 1900 மைல் சைக்கிளில் போனார்கள். அவர்கள் போன வழியில் பாதி, வீதி என்று சொல்லக்கூடிய வீதியே இல்லை. சாமான், துவக்கு எல்லாம் கட்டிக்கொண்டு 41 நாளில் போய்ச் சேர்ந்தார்கள்.

1951 தொடக்கம் 1956 வரை பாரிஸ் புறநகரில் இருபது பேர் அளவிலான ஒரு இளைஞர் கழகம் சைக்கிளை மாற்றியமைத்து, மோட்டோகுறொஸ் ஓடுவது போலக் காட்டுக்குள் ஓடியது. அவர்களின் சில்லு 650பி. அதாவது இன்று எங்கட கடையில் "இருபத்தேழரை" என்று விற்கிற அதே றிம் அளவு.

1953 இல் கலிபோர்னியாவில் ஜோன் ஃபின்லி ஸ்கொட் என்ற இளைஞர், பின்னாளில் சமூகவியல் பேராசிரியர், ஒரு ஷ்வின் ஃபிரேமில் பலூன் ரயர், நேர் ஹாண்டில், கியர், நல்ல பிறேக் எல்லாம் பூட்டி "வூட்சி" என்று பெயர் வைத்து ஓடினார். பார்த்தால் இன்றைய மவுண்டன் பைக்கின் பட்டியல் அப்படியே இருக்கும். மரின் கதைக்கு 20 வருடத்துக்கு மேல் முந்தியது.

1955 இல் இங்கிலாந்தில் "ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்" என்று ஒரு அமைப்பு உருவானது. வேலை என்னவென்றால் சாதாரண ரூறிங் சைக்கிளைக் கொண்டு மலைக்கணவாய், ஆட்டுப்பாதை எல்லாம் போய்வருவது. ஓட ஏலாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

மரின் ஆக்களுக்குக்கூட ஒரு முன்னோடி உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று மரினிலேயே நடந்த ஒரு சைக்ளோகுறொஸ் போட்டிக்குக் கூப்பட்டினோ என்ற ஊரில் இருந்து சில பெடியள் வந்தார்கள். அவர்களின் தடித்த ரயர் வண்டிகளில் கியர் பூட்டியிருந்தது, டிரம் பிறேக் இருந்தது. மரின்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் வண்டிகளுக்கும் கியர் பூட்டத் தொடங்கினார்கள். கூப்பட்டினோ கூட்டம் கொஞ்சக் காலத்தில் கலைந்துபோனது. அவர்கள் பக்கத்தில் கம்பனியும் வரவில்லை, கதையும் வரவில்லை.

ஆகவே "யார் கண்டுபிடித்தது?" என்ற கேள்வியை நாங்கள் கைவிட்டோம். அதைவிடப் பிரயோசனமான கேள்வி ஒன்று இருக்கிறது: யார், எந்த மண்ணுக்கு, எதை யோசித்துச் செய்தார்கள்?

சேற்று நாட்டில் ஒருவர்

மரின் மலை கோடையில் காய்ந்து கிடக்கும். தீயணைப்பு வாகனம் போவதற்காக வெட்டிய அகலமான கிறவல் பாதைகள். ஏறுவதென்றால் வண்டியை ஏதாவது ட்ரக்கில் போட்டுக்கொண்டு மேலே போகலாம். பிறகு இறக்கம். அந்த மண்ணில் தேவைப்பட்டது உடையாத ஃபிரேமும் பிடிக்கிற பிறேக்கும்தான்.

லண்டனுக்கு வடமேற்கே இருக்கிற சில்டேர்ன் குன்றுகள் வேறு மாதிரி. அதன் மிக உயரமான இடமே 267 மீற்றர்தான். மலை என்று சொன்னால் எங்கட மலையகத்து ஆக்கள் சிரிப்பார்கள். ஆனால் சுண்ணக்கல்லும் களிமண்ணும் கலந்த நிலம், வருடம் முழுக்க மழை. அதோடு சட்டமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் 1968 இல் வந்த நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓடும் உரிமையைக் கொடுத்தது. நடக்கிறவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல விசயம்தான், ஆனால் குதிரை போன பாதை எப்படி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. குளம்பு மிதித்து மிதித்து, மாரியில் அது வயல் உழுத மாதிரிக் கிடக்கும்.

ஜெஃப் ஆப்ஸ் ஓட விரும்பியது இந்தப் பாதைகளில். அவருக்கு முன்மாதிரி ரேஸ் சைக்கிள் இல்லை. மோட்டார் சைக்கிளில் "ட்ரையல்ஸ்" என்று ஒரு வகைப் போட்டி இருக்கிறது. அதில் வேகம் கணக்கில்லை. பாறை, சேறு, மரவேர் எல்லாவற்றுக்கும் மேலால் கால் நிலத்தில் படாமல் போக வேண்டும், சமநிலைதான் எல்லாம். அந்த வண்டிகளின் அமைப்பை, எஞ்சின் இல்லாமல், சத்தமில்லாமல் காட்டுக்குள் போகக்கூடிய சைக்கிளாக மாற்ற முடியுமா என்பதுதான் அவரின் யோசனை. 1979 இல் முதல் மாதிரி வண்டி உருவானது. அட்லாந்திக்குக்கு அந்தப் பக்கம் ஃபிஷரும் கெலியும் வியாபாரம் தொடங்கிய அதே வருடம். இரண்டு பக்கமும் தனித்தனியாக வேலை செய்துகொண்டிருந்தன.

அந்த வண்டி

ஆப்ஸின் வண்டியை முதல் தடவை படத்தில் பார்க்கிற ஒருவர் "இதென்ன, ஆச்சி சந்தைக்குப் போற சைக்கிள் மாதிரி" என்று சொல்லக்கூடும். பெரிய மட்காட். நிமிர்ந்து இருந்து ஓடுகிற மாதிரி உயர்ந்த ஹாண்டில். பார்வைக்கு ஒரு வேகமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம் உண்டு.

பெடல் சுழலும் அச்சு, சாதாரண சைக்கிளைவிட நல்ல உயரத்தில் இருந்தது. சேற்றுத் தடத்துக்குள் போனாலும் பெடல் கரையில் இடிபடாது. விழுந்து கிடக்கிற மரக்குற்றியைத் தாண்டும்போது பல்சில்லு அடிபட்டு உடையாமல் இருக்க, அதன் கீழே ஒரு காப்புத்தகடு. கியர் மிகவும் இலகுவானது. நடக்கிற வேகத்திலும் மிதித்து ஏறலாம்.

பிறேக் விசயத்தில் அவர் அன்றைய சைக்கிள்காரர் எல்லாரிலிருந்தும் விலகிப் போனார். வழமையான பிறேக் கட்டை றிம்மைப் பிடிக்கும். மழையில் றிம் நனைந்தால் பிடி குறையும். சேறு பட்டால், அதில் இருக்கிற மண்ணே அரம் மாதிரி றிம்மை ராவித் தின்றுவிடும். ஆப்ஸ் மொபெட்டில் வருகிற மாதிரியான டிரம் பிறேக்கை சில்லின் நடுவில் வைத்தார். பிறேக் பிடிக்கிற இடம் சேற்றிலிருந்து தூரத்தில், மூடிய டிரம்முக்குள் இருக்கும். பாரம் கொஞ்சம் கூடும், ஆனால் எந்த மழையிலும் பிடிக்கும். இன்று நல்ல மவுண்டன் பைக் எல்லாவற்றிலும் வருகிற டிஸ்க் பிறேக்கும் சில்லின் நடுவில்தான் இருக்கிறது. பாகம் வேறு, காரணம் அதேதான்.

மட்காட்டும் அழகுக்கு இல்லை. ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் சேறு அடைபடாமல் போக இடம் விட்டு, அகலமாக வைத்திருந்தார். நிமிர்ந்து இருப்பதும் சொகுசுக்கு மட்டும் இல்லை. குனிந்து முன்னுக்குப் பாரம் கொடுத்தால் முன்சில்லு சேற்றில் புதையும். நிமிர்ந்திருந்தால் உடம்பின் பாரத்தை வேண்டியபோது பின்னுக்கு எடுத்து, முன்சில்லைத் தூக்கித் தடையைத் தாண்டலாம். ட்ரையல்ஸ் ஓட்டிகள் செய்கிற அதே வேலை.

இவ்வளவும் சரி. ஆனால் இந்த வண்டியின் உயிர் ரயரில்தான் இருந்தது.

நொக்கியா ரயர்

நொக்கியா என்றதும் எங்கட தலைமுறைக்கு நினைவு வருவது ஃபோனும் அதில் இருந்த பாம்பு விளையாட்டும்தான். ஆனால் பின்லாந்தின் நொக்கியா அதற்கு முந்தி றப்பர் சப்பாத்தும் ரயரும் செய்த கம்பனி. ரயர்ப் பகுதி 1988 இல்தான் நொக்கியன் என்று தனிக் கம்பனியாகப் பிரிந்தது. 1930களில் இருந்து அவர்கள் பனிக்காலத்துக்கென்று ஒரு ரயர் வகை செய்துவந்தார்கள். பெயர் ஹக்காபெலிட்டா. 17 ஆம் நூற்றாண்டில் போர் செய்த பின்லாந்துக் குதிரைப்படை வீரர்களின் பெயர் அது.

பின்லாந்தில் பனிக்காலத்திலும் சனம் சைக்கிளில் வேலைக்குப் போகும். அதற்காக நொக்கியா சைக்கிளுக்கும் இந்த ரயரைச் செய்தது. தடித்தது, ஆழமான கட்டைகள் கொண்டது. பனிக்கட்டிக்கென்று ஆணி பதித்த வகையும் இருந்தது. பனியில் வழுக்காத ரயர் சேற்றிலும் வழுக்காது என்று ஆப்ஸ் கண்டுகொண்டார். ரயருக்குள் காற்றைக் குறைவாக விட்டால் அது நிலத்தின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும், புதையாமல் மேலே மிதந்து போகும்.

பின்லாந்துக்காரர் இந்த ரயரை அமெரிக்கச் சிறுவர் சைக்கிளின் 26 அங்குலத்தில் செய்யவில்லை. ஐரோப்பிய அளவுகளான 650பி, 700சி இரண்டிலும்தான் செய்தார்கள். இந்தப் பெயர்கள் குழப்பமானவை, ஆகவே மில்லிமீற்றரில் சொல்லிவிடுகிறோம். ரயர் போய் இருக்கிற இடத்தில் றிம்மின் விட்டம், அமெரிக்க 26 இல் 559. 650பி இல் 584. 700சி இல் 622. இன்று கடையில் "இருபத்தேழரை" என்பது அந்த 584 தான். "இருபத்தொன்பது" என்பது அந்த 622 தான். புதிய அளவு என்று ஒன்றும் இல்லை. 622 றிம்மில் தடித்த ரயரைப் போட்டால் வெளி விட்டம் 29 அங்குலம் அளவில் வரும், அவ்வளவுதான்.

பெரிய சில்லால் என்ன லாபம்? அதை எங்கட அப்பப்பாமாரிடம் கேட்டிருக்கலாம். அவர்களின் கறுப்பு ரலி சைக்கிளுக்கு 28 அங்குலச் சில்லு, றிம் 635 மில்லிமீற்றர். 29 ஐ விடவும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பெரிசு. சின்னச் சில்லு குழிக்குள் விழுந்து எழும்பும். பெரிய சில்லு அதே குழிக்கு மேலால் உருண்டு போய்விடும். கல்லில் முட்டுகிற கோணமும் குறைவு. கிறவல் ஒழுங்கையில் நெல்லு மூட்டையோடு போனவர்களுக்கு இது பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய விசயம் இல்லை.

1980 அளவில் ஆப்ஸுக்கும் ஃபிஷர், கெலி இருவருக்கும் இடையே கடிதத் தொடர்பு தொடங்கியது. ஆப்ஸ் தன்னிடம் இருந்த ஹக்காபெலிட்டா ரயர்களை, 650பி யும் 700சி யும், கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். அவர்கள் பூட்டி ஓடிப் பார்த்தார்கள். பிடித்துப்போனது. இன்னும் வேணும் என்று ஆசைப்பட்டார்கள்.

ஆனால் ரயர் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. வியாபாரம் செய்கிற அளவுக்கு, தொடர்ந்து, நம்பி வாங்கக்கூடிய மாதிரி அது அமெரிக்காவுக்கு வரவில்லை. மறுபக்கம் 26 அங்குல ரயர் அமெரிக்காவில் எந்தக் கடையிலும் கிடந்தது. அதோடு பி.எம்.எக்ஸ் சைக்கிள் பிரபலமாகி, 26 இலும் பாரம் குறைந்த அலுமினிய றிம்கள் வரத் தொடங்கியிருந்தன. ஃபிரேம் செய்கிறவர் எதைப் பார்த்துச் செய்வார்? கிடைக்கிற சில்லுக்குத்தான் ஃபிரேம் செய்வார். ஃபிரேம் அந்த அளவில் வந்த பிறகு ரயர்க் கம்பனி அந்த அளவுக்கே ரயர் செய்யும். பிறகு அதை மாற்ற ஒருவராலும் ஏலாது. அப்போதே ஆயிரம் ரயர் கையில் கிடைத்திருந்தால் மலைச் சைக்கிள் தொடக்கத்திலேயே 29 ஆக இருந்திருக்கும் என்ற கருத்தை ஃபிஷரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

எங்களை யோசிக்க வைத்த இடம் இதுதான். 26 அங்குலம் என்பது பரிசோதனை செய்து, ஆராய்ந்து, இதுதான் நல்லது என்று தெரிந்தெடுத்த அளவு இல்லை. 1930களின் பத்திரிகைப் பெடியளின் சைக்கிள் அளவு, கிடைத்த காரணத்தால் நிலைத்தது. உலகம் முழுக்க, எங்கட ஊர்க் கடைவரை, முப்பது வருடத்துக்கு அது "மவுண்டன் பைக் சைஸ்" ஆக இருந்தது.

கடை மூடியது

1982 இல் ஆப்ஸ் கிளீலண்ட் சைக்கிள்ஸ் என்ற பெயரில் தன் வண்டியை விற்கத் தொடங்கினார். மொடலின் பெயர் அவென்ரூறா. 1984 இல் அது முடிந்துபோனது. சிறிய தொழில், கையால் செய்த வண்டி, எண்ணிக்கை மிகவும் குறைவு. அதன் பிறகு ஜெரமி டோர், டேவிட் ராத்-ஷார்மன் என்ற இருவர் அதே வடிவமைப்பைத் தத்தம் பட்டறைகளில் கொஞ்சக் காலம் தொடர்ந்தார்கள். ஆப்ஸும் வடிவமைப்பை விடவில்லை. ஆனால் சந்தை வேறு பக்கம் போய்விட்டது. எண்பதுகளின் நடுவில் பிரித்தானியாவுக்குள் கலிபோர்னியப் பாணி வண்டிகள், கிழக்காசியத் தொழிற்சாலைகளில் செய்தவை, தொகையாக வந்து இறங்கின. விலையிலும் விளம்பரத்திலும் கைத்தொழில்காரர் ஒருவரால் அதோடு போட்டி போட ஏலாது.

இதை வெறும் அநியாயக் கதையாகச் சொல்லவும் நாங்கள் விரும்பவில்லை. அவரின் வண்டிக்குக் குறைகள் உண்டு. நிமிர்ந்து இருக்கிற வண்டியில் வேகமான போட்டி ஓடுவது கஷ்டம். டிரம் பிறேக், காப்புத்தகடு, மட்காட் எல்லாம் பாரம். வெயில் நாட்டில் காய்ந்த பாதையில் ஓடுகிறவருக்கு இதில் பாதி தேவையில்லை. அதோடு, இளைஞர் ஆசைப்பட்டு வாங்குகிற வடிவம் இல்லை அது. அவர் தன் மண்ணுக்குச் சரியான விடையைக் கண்டுபிடித்தார். உலகம் வாங்கியது வேறொரு மண்ணின் விடையை.

லண்டன், 2012

1999 இல் அமெரிக்காவில் 622 றிம்முக்கான தடித்த மலை ரயர் ஒன்று சந்தைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 2000களின் தொடக்கத்தில் 29 அங்குல மவுண்டன் பைக்கை முன்னின்று விற்றவர்களில் கரி ஃபிஷரின் பெயரில் இயங்கிய கம்பனியும் ஒன்று. அதே ஃபிஷர்தான். ஆரம்பத்தில் பலர் நக்கல் அடித்தார்கள்.

2012 இல் ஒலிம்பிக் லண்டனுக்கு வந்தது. மலைச் சைக்கிள் போட்டி நடந்த இடம் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் ஹாட்லி பண்ணை. ஆண்கள் போட்டியில் செக் நாட்டின் யரொஸ்லாவ் குல்ஹாவி தங்கம் வென்றார், 29 அங்குலச் சில்லில். சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் வெள்ளி வென்றார், 27.5 இல். ஆப்ஸ் முப்பது வருடத்துக்கு முன் கடிதத்தோடு சேர்த்து அனுப்பிய இரண்டு அளவும் அவரின் நாட்டிலேயே மேடை ஏறின. பழைய 26, அதற்குப் பிறகு சில வருடங்களில் புதிய உயர்தர வண்டிகளில் இருந்து மறைந்தே போனது.

ஏன் தெரியாமல் போனது?

மரின் கதை ஏன் நிலைத்தது என்று பார்த்தால், அங்கே ஓடியவர்கள் மட்டும் இருக்கவில்லை. வென்டி கிராக் என்ற பெண் அந்தக் கூட்டத்தோடு ஓடினார், கமராவையும் கொண்டு திரிந்தார். ரீபாக்கின் படங்கள் என்று நாங்கள் இன்று பார்ப்பவற்றில் பெரும்பகுதி அவர் எடுத்தவை. சார்லி கெலி எழுதக்கூடியவர். அவரும் டெனிஸ் கரமாக்னோவும் 1980 தொடக்கம் 1987 வரை "ஃபற் ரயர் ஃபிளையர்" என்ற சஞ்சிகையை நடத்தினார்கள். 1988 இல் மலைச் சைக்கிளுக்கென்று ஒரு கௌரவ மண்டபமே உருவானது. ஓட்டம், படம், எழுத்து, கம்பனி, அருங்காட்சியகம், ஒன்றன் பின் ஒன்றாக. வரலாறு தானாக எழுதப்படவில்லை. ஆக்கள் மினக்கெட்டு எழுதினார்கள்.

கூப்பட்டினோ பெடியளுக்கும் பாரிஸ் கழகத்துக்கும் ஆப்ஸுக்கும் அந்த அளவு ஏற்பாடு இருக்கவில்லை. அவர்கள் குறைந்தவர்கள் என்பதால் அல்ல. இன்று அவர்களைப் பற்றித் தெரிகிறது என்றால், பிற்காலத்தில் யாரோ ஆர்வமுள்ளவர்கள் பழைய கடிதம், பழைய படம், கொட்டிலில் கிடந்த வண்டி எல்லாவற்றையும் தேடி எடுத்ததால்தான்.

இந்த இடத்தில் எங்கட பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லாமல் முடிக்க ஏலாது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது எங்கட வீடுகளில் எல்லாரும் சொல்லுகிற கதை. பெற்றோல் இல்லாத காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட வைத்ததும் அப்படித்தான். விறகு, மூட்டை, நோயாளி, முழுக் குடும்பம் என்று எல்லாவற்றையும் ஏற்றுவதற்குச் சைக்கிளின் கரியரையும் ஃபிரேமையும் மாற்றிப் பலப்படுத்திய பட்டறைகள் இருந்தன. இதை எல்லாம் முதலில் யோசித்தது யார்? எந்தக் கடையில்? என்ன பிழைவிட்டு, எப்படித் திருத்தினார்கள்? "சனம் செய்தது" என்று பொதுவாகச் சொல்லுகிறோம். அந்தச் சனத்துக்குப் பெயர் இருந்தது. அவர்களில் சிலர் இன்னும் அதே கடையில் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும்.

ஆப்ஸின் கதையில் எங்களுக்குக் கிடைத்த பாடம், பெரிய சில்லு நல்லது என்பது மட்டும் இல்லை. அவர் செய்தது சரியாக இருந்தும், ரயர் வந்துசேராததால் உலகம் வேறு வழியால் போனது. அது அவர் கையில் இருக்கவில்லை. ஆனால் அவர் செய்தது என்ன என்று தெரியாமல் போவது பின்னுக்கு வந்தவர்களின் கையில் இருந்தது, அதில் பாதியாவது இப்போது திருத்தப்பட்டிருக்கிறது.

எங்கட ஊரிலும் அப்படித் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் கனக்க இல்லை. உங்கட ஊரில் பழைய சைக்கிள் கடை ஒன்று இருந்தால், அடுத்த முறை காத்தடிக்கப் போகும்போது ஒரு பத்து நிமிடம் நின்று அந்த ஐயாவோடு கதையுங்கோ. கதைச்சதை எழுதி வையுங்கோ, ஒரு படமும் எடுங்கோ. முடிந்தால் எங்களுக்கும் அனுப்புங்கோ.